நிற்கிற படியும் சேர்த்து

நம் பள்ளிக்கூடத்து வாசலுக்கு எத்தனை படி என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் எல்லோரும் இருபது என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் சுண்ணாம்பில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து ஏறியவர்கள் நாம். இப்போது அந்தப் படிகள் இல்லை. சிமெண்டில் சரிவுப் பாதை போட்டு, பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பியும் வைத்திருக்கிறார்கள். நம் முட்டிகளுக்கு அதுதான் தோது. படிகள் போனதற்காக அழ நான் வரவில்லை. அங்கே நடந்த ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்களும் அன்றைக்கு அங்கே இருந்தீர்கள், ஆனால் பாதியைத்தான் பார்த்தீர்கள்.

ஐந்து வகுப்புக்கும் ஒரே ஹால், ஒரே வாத்தியார். மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் அவர் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர் பாய் வாத்தியார், நமக்கு சார். திங்கட்கிழமை மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் இறங்கி நடந்து வருவார், சனிக்கிழமை மலை இறங்கிப் போவார். நோன்பு மாதத்தில் எச்சில்கூட விழுங்காமல் நமக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துவிட்டு, போகும்போது பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து ஆளுக்கொன்று கொடுப்பார். அந்தக் கொட்டையை நாம் ஒரு வாரம் வாயிலேயே வைத்துச் சுற்றியது ஞாபகம் இருக்கிறதா? மரம் முளைக்கும் என்று நம்பி நட்டும் வைத்தோம். ஒன்றும் முளைக்கவில்லை.

அந்த வருஷம் அவர் எங்கோ ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு எண்கோட்டோடு வந்தார். தரையில் நீளமாக ஒரு கோடு போட வேண்டும், சுழியிலிருந்து வரிசையாக எண் எழுத வேண்டும், பிள்ளைகள் அதன்மேல் குதித்துக் குதித்துக் கூட்டல் கழித்தல் படிக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் இருபது குதி குதிக்கிற அளவுக்குச் சமதரை எங்கே இருக்கிறது? சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாள் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். கோடு போட்டால் பத்துக்குமேல் பள்ளம், இல்லையென்றால் பாறை. மூன்றாம் நாள் வாசல் படிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்புறம் கற்றாழை மட்டையின் நுனியை நசுக்கிப் பிரஷ் செய்து, அடியில் கிடந்த பலகைக் கல்லில் சுழி போட்டு, அங்கிருந்து ஒன்று, இரண்டு என்று இருபது வரைக்கும் எழுதிவிட்டார். ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். இதற்குமேல் என்ன விளக்க இருக்கிறது என்று அவருக்கே ஒரே சந்தோஷம். சுண்ணாம்பு இனிக்குமா என்று நம்மில் ஒருவன் நக்கிப் பார்த்து நாக்கு வெந்துபோனான். யாரென்று சொல்ல மாட்டேன், இப்போது சம்பந்திகள் மத்தியில் மரியாதையோடு இருக்கிறான்.

மழை பெய்தால் எண்களெல்லாம் கரைந்து ஓடிவிடும். மறுபடி எழுதுவார். எழுதும்போது சுண்ணாம்பு வாசனையும், படிக்கட்டுக்குப் பக்கத்துப் பலா மரத்திலிருந்து விழுந்து அழுகின பழத்தின் வாசனையும் சேர்ந்து வரும். எனக்குக் கணக்கு என்றாலே இன்றைக்கும் அந்த வாசனைதான்.

சொல்லிக் கொடுக்கும்போது அவர் கைதட்டுவார். "மூணுல நில்லு கண்ணு. இப்ப நாலு ஏறு" என்பார். பிள்ளை ஒரு படி ஏறி மிதித்ததும் ஒரு தட்டு, அடுத்த படிக்கு அடுத்த தட்டு. நான்கு தட்டு முடிந்தால் ஏழாம் படி. நாமெல்லாம் எண்ணியது உண்மையில் அவர் கைதட்டலைத்தான். அது அப்போது நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

என் தங்கச்சி அந்தக் கைதட்டலைக் கேட்கவில்லை. நான் மூன்றாம் வகுப்பு, அவள் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் திறந்தபோது சாமை விதைப்பு நேரம். அப்பா அவளைக் காட்டிலேயே நிறுத்திக்கொண்டார். எங்கள் காடு மலைச்சரிவில் அடுக்கடுக்காக இறங்கும். மேல் அடுக்கில் நின்று அப்பா குரல் கொடுக்க, கீழே விதைக்கூடையோ தண்ணிச் சொம்போ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவது அவள் வேலை. ஆறு வயசுப் பிள்ளை, குட்டி ஆடு போல ஏறி இறங்குவாள். ஆவணியில்தான் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தாள். அதற்குள் சார் கைதட்டுவதை விட்டுவிட்டு, "மனசுக்குள்ள எண்ணிக்கிட்டுப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

மூன்றில் நிறுத்தி நாலு ஏறச் சொன்னால் அவள் ஆறில் போய் நிற்பாள். ஐந்தில் நிறுத்தி இரண்டு ஏறச் சொன்னால் ஆறில் நிற்பாள். எந்தக் கணக்கு கொடுத்தாலும் ஒன்று குறையும். சார் அடிக்கிறவர் இல்லை. "மறுக்கா எண்ணு கண்ணு" என்பார். மறுபடியும் எண்ணுவாள், மறுபடியும் அதே படி. பத்துப் பதினைந்து நாள் பார்த்துவிட்டு, "அடுத்த வருசமும் ஒண்ணாப்புலயே இருக்கட்டும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். வீட்டில் சொல்லிவிடு என்று அர்த்தம்.

வீட்டில் அப்போது இருந்த நிலைமை உங்களுக்குத் தெரிந்திருக்காது. தம்பி பிறந்து மூன்று மாதம். அம்மா காட்டுக்குப் போக வேண்டும், குச்சிக்கிழங்கு பிடுங்க ஆள் இல்லை, குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள யாராவது வேண்டும். எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். "ஒருத்தி படிக்கட்டும், ஒருத்தி ஊட்டப் பாத்துக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னதை நானே கேட்டேன். குழந்தை தூக்க வயதில் பெரியவள்தானே தோது? என்னை நிறுத்துகிற பக்கம்தான் பேச்சு சாய்ந்துகொண்டிருந்தது. "வாத்தியார ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்று மட்டும் அப்பா பாக்கி வைத்திருந்தார்.

இதெல்லாம் தெரிந்தும் நான் தங்கச்சிக்கு உதவி செய்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். நான் முழுக்கக் கெட்டவள் இல்லை. ஒருநாள் வீட்டுக்குப் போகும் வழியில் அவளை நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

"ஏன்டி, எண்ணி முடிச்சிட்டு நிக்கிறயில்ல, அங்க நிக்காத. இன்னும் ஒரு படி ஏறிக்க."

"எதுக்குக்கா?"

"எதுக்குன்னா? அப்பத்தான் சரியா வருது."

"சார் நாலுதான ஏறச் சொன்னாரு?"

"சொன்னதச் செய்டி."

செய்தாள். மறுநாளிலிருந்து ஒரு கணக்கும் தப்பவில்லை. உதடு அசையாமல் எண்ணுவாள், கடைசியில் கொசுறு மாதிரி ஒரு படி ஏறிக்கொள்வாள், நிமிர்ந்து பார்ப்பாள். சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முழுச் சாக்பீஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். அதை அவள் எழுதித் தேய்க்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அந்தச் சாக்பீஸ் பின்னால் எங்கே போனது என்று தெரியவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பனி இன்னும் விலகவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில், சுழி போட்ட கல்லுக்குப் பக்கத்தில் நின்றார். சார் மேலே இருந்து கூப்பிட்டும் ஏறி வரவில்லை. அதனால் சார்தான் கீழே இறங்கிப் போனார். நாமெல்லாம் வாசலில் வந்து குவிந்து நின்றோம்.

"ஏனுங்க, ரெண்டு புள்ளைகள்ல ஒண்ண நிறுத்தலாம்னு இருக்கறமுங்க. எந்தப் புள்ளைக்குத் தலயில ஏறுதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"ரெண்டும் படிக்கட்டுங்க. பெரியவ நல்லாப் படிக்கறா. சின்னவ அவளுக்கு மேல வருவா. நீங்களே பாருங்க" என்றார் சார். முகமெல்லாம் சிரிப்பு. தங்கச்சியைக் கூப்பிட்டு எட்டாம் படியில் நிறுத்தினார். "அஞ்சு ஏறு கண்ணு."

ஏறினாள். பன்னிரண்டு வரைக்கும் போய், கொசுறுப் படியும் ஏறி, பதின்மூன்றில் நின்றாள். "சபாஷ்!" என்றார் சார். அப்பா சிரித்தார். அப்பா அப்படிப் பல் தெரியச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சார் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் சந்தோஷம் அவரை விடவில்லை. கழித்தலை ஒன்றாம் வகுப்புக்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தார். அவளை அவர் இன்னும் ஒரு கழித்தலும் செய்ய வைத்துப் பார்க்கவில்லை. "இப்ப ஏழுல நில்லு. மூணு எறங்கு."

அவள் ஏழில் நின்றாள். இறங்கினாள். ஐந்தாம் படிக்கு வந்து நின்றாள். அடுத்து என்ன செய்யப் போகிறாள் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். இறங்கும்போது இன்னும் ஒரு படி இறங்க வேண்டும். அந்த நொடியில் எனக்கு அது பளிச்சென்று தெரிந்துவிட்டது. ஆனால் நான் சொல்லிக் கொடுத்திருந்தது ஏறு என்பதை மட்டும்தான். அவள் திரும்பி ஆறாம் படிக்கு ஏறி, நிமிர்ந்து நின்றாள்.

நீங்கள் சிரித்தீர்கள். தப்பு சொல்லவில்லை, மூன்று இறங்கச் சொன்னால் இரண்டு இறங்கி ஒன்று ஏறுகிற பிள்ளையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒருவன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எறங்கச் சொன்னா ஏன் கண்ணு ஏறற?" என்று சார் கேட்டார்.

தங்கச்சி கூட்டத்தில் என்னைத் தேடினாள். நேராக என் முகத்தைப் பார்த்தாள். அக்கா சொன்னபடிதானே செய்தேன் என்கிற பார்வை. "இன்னும் ரெண்டு படி எறங்குடி" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து சிலேட்டைப் பாவாடையில் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் தடவை சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் உதடும் அவள் இறங்கும்போது அசைந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். அவள் ஐந்தில் நின்றபோது அவர் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அவள் மறுபடி ஏறினதும்தான் சுருங்கிற்று. அன்றைக்கு அதன் அர்த்தம் எனக்குப் புரியவில்லை.

சார் அப்பாவிடம் தணிந்த குரலில் பேசினார். "மன்னிச்சுக்கங்க. கூட்டல மனப்பாடம் பண்ணியிருக்குது போலங்க. கணக்கு இன்னும் புடிபடல."

"அதுக்கென்னங்க வாத்தியாரே. தெரிஞ்சு போச்சுல்ல" என்று அப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானம் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்டிக்காரர், ஏதோ உறுத்தியிருக்கிறது. "நீ அவளுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்தியா கண்ணு?"

"இல்லீங்க சார்."

சாயங்காலம் அப்பா தம்பியைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே, "சின்னவ நாளைலருந்து ஊட்ல இருக்கட்டும். பெரியவ போகட்டும்" என்றார். தங்கச்சி சாமைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எனக்கு அப்போதும் நேரம் இருந்தது. அப்பா நல்ல மனிதர், சொன்னால் கேட்டிருப்பார். சார் மறுபடி ஒரு தடவை பார்த்திருப்பார். அவளுக்குக் கணக்கு வரும் என்று ஆகியிருந்தால், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவள் நான். எட்டு வயசுப் பிள்ளைக்கு இவ்வளவு கணக்குத் தெரியுமா என்று கேட்காதீர்கள். தெரியும். எனக்குத் தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

நான் படித்தேன், கீழே இறங்கினேன், நாமக்கல்லில் ஒரு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். தங்கச்சி தம்பியைத் தூக்கினாள், அப்புறம் காட்டுக்குப் போனாள், மலையிலேயே பெரக்கரை நாட்டுப் பக்கம் வாக்கப்பட்டாள். அவள் பிள்ளைகள் நோட்டை நீட்டினால், "ஐயோ சாமி, எங்கிட்டக் கேக்காதீங்க, எனக்குக் கணக்கு வராது" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லி எழுந்து போய்விடுவேன்.

போன மாதம் மகன் வீட்டில் பேரனின் கணக்கு நோட்டைப் பார்த்தேன். எண்கோடு, அதன்மேல் ஒரு தவளை. மூன்றிலிருந்து நாலு தாவினால் எங்கே போகும் என்று கேள்வி. பேரன் ஆறு என்று எழுதி, டீச்சர் சிவப்பில் அடித்திருந்தார். "எப்படிடா எண்ணினே?" என்று கேட்டேன். அவன் விரலை மூன்றின்மேல் வைத்து, "ஒண்ணு" என்றான். தவளை உட்கார்ந்திருக்கிற இடத்தையே முதல் தாவலாக எண்ணியிருக்கிறான். எனக்கு நோட்டு கையில் இருக்க, கண் முன்னால் எங்கள் காடு வந்து நின்றது.

அப்பா மேலே நின்றுகொண்டு, "நாலாம் அடுக்குல மம்முட்டி கெடக்குது, எடுத்தா சாமி" என்பார். அவர் நிற்கிற அடுக்குதான் ஒன்று. அங்கிருந்து மூன்று இறங்கினால் நாலாம் அடுக்கு. நம் மலையில் எல்லோரும் அப்படித்தானே சொல்வோம்? இன்றைக்குச் சந்தை என்றால் அடுத்த சந்தை எட்டாம் நாள் என்கிறோம், இன்றையும் சேர்த்து. தங்கச்சி நிற்கிற படியையும் சேர்த்து எண்ணினாள். ஆனி ஆடி முழுக்க அப்பா அவளுக்குச் சொல்லிக் கொடுத்த எண்ணிக்கை அது. அதில் ஒருநாள்கூட அவள் தப்பான அடுக்கில் போய் நின்றதில்லை. படிக்கட்டுக்கு அடியில் நின்று அப்பா எண்ணியதும் அதே எண்ணிக்கைதான். மகள் ஐந்தில் நின்றபோது அவர் கணக்குப்படி அது சரி. படிக்காதவர், வாத்தியார் முன்னால் எப்படி வாயைத் திறப்பார்? சமதரையில் ஒரு கோடு கிடைத்து, படிகள் அவளுக்கு எங்கள் காட்டு அடுக்கு மாதிரித் தெரியாமல் இருந்திருந்தாலோ, தங்கச்சி வந்த பிறகு சார் இரண்டு நாள் கைதட்டியிருந்தாலோ, எல்லாம் சரியாகியிருக்கும். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை. எண்ணத் தொடங்குகிற இடம் மட்டும்தான் வேறு.

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். தங்கச்சி வாசலில் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். "ஏன்க்கா, ஒரு போன் பண்ணாம வந்துட்ட?" என்றாள். நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கிழங்குகளை அடுக்கி வைத்து, நிற்கிற கிழங்கையும் சேர்த்து எண்ணிக் காட்டினேன், சேர்க்காமலும் எண்ணிக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லயாக்கா?"

ஐம்பத்தாறு வயசில் இதைக் கேட்கிறாள். "இல்ல சாமி" என்றேன்.

"இன்னொருக்காச் சொல்லு."

இன்னொரு தடவை எண்ணிக் காட்டினேன். தலையை ஆட்டினாள். பிறகு, "உனக்கு இது எப்பத் தெரியும்?" என்றாள்.

"ஏன்னு நேத்துத்தான் தெரிஞ்சுது. இன்னும் ஒரு படி எறங்கோணும்னு அன்னைக்கே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

பஸ்ஸில் வரும்போது நான்கைந்து பதில் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் உதவவில்லை. "சொல்லியிருந்தா என்னை நிறுத்தியிருப்பாங்க" என்றேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கிழங்கைத் திரும்ப எடுத்து இரண்டு மூன்று சீவினாள்.

"சாருக்குத் தெரியுமா?"

"அவரு போயி வருசம் ஆச்சு."

"அப்பாவும் தெரியாமயே போயிட்டாரு." அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாம் இருக்காங்களா?"

"பாதிப் பேரு இருக்காங்க."

"அவங்களுக்காச்சும் சொல்லிரு. நீ என்ன பண்ணுனேங்கறதயும் சேத்துச் சொல்லு."

சொல்லிவிட்டேன்.